குட்டி சாட்டிலைட்டுக்குள்ள வயருக்கு பதிலா வெளிச்சம்

சாட்டிலைட்ல வெளிச்சத்த வச்சு தகவல் அனுப்புறதுன்னு சொன்னதும் நிறைய பேரு லேசர்னு நினைச்சுக்கிறாங்க, ஒரு சாட்டிலைட்டும் இன்னொண்ணும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நின்னு பேசிக்குமே, அது. அது வேற வேலை. நான் எழுதப் போறது பத்து சென்டிமீட்டர் பெட்டிக்குள்ள நடக்கிற பேச்ச பத்தி. பேட்டரி போர்டு கம்ப்யூட்டர் போர்டுகிட்ட எவ்ளோ சார்ஜ் மிச்சம்னு சொல்லணும், சூரியன் எந்தப் பக்கம்னு சென்சார் சொல்லணும், ரேடியோ போர்டுக்கு கீழ அனுப்ப வேண்டிய விவரம் போய்ச் சேரணும். இதெல்லாம் இப்ப வயர்லயும் பின்லயும்தான் ஓடுது. அந்த வயர எடுத்துட்டு அகச்சிவப்பு எல்இடியும், வெளிச்சம் பட்டா கரண்ட் கொடுக்கிற போட்டோடயோடும் வைக்கிறதுதான் விஷயம்.

நான் மலேசியாவுல, பினாங்கு பாயான் லெப்பாஸ்ல எல்இடி, போட்டோடயோடு டெஸ்ட் பண்ற வேலையில இருக்கேன். சனி ஞாயிறுல நாங்க கொஞ்ச பேரு சேர்ந்து இத பண்றோம், எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைங்க, படிச்சு முடிச்சு பெக்டரிக்கு வந்துட்ட பிள்ளைங்க, பக்கத்துல பிறைங்கிற ஊர்ல மெஷின் ஷாப் வச்சிருக்கிற ஒரு அண்ணன். மேல போற சாட்டிலைட் இல்ல, டேபிள் மேல நிக்கிற மாடல்தான், ஆனா அளவு, போர்டு, அலுமினிய சட்டம் எல்லாம் நிஜமான 1யூ க்யூப்சாட் கணக்கு. பதிவு கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

க்யூப்சாட் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1999-ல அமெரிக்காவுல கால் பாலி பல்கலைக்கழகத்து ஜோர்டி புயிக் சுவாரியும் ஸ்டான்போர்டு பாப் ட்விக்ஸும் சேர்ந்து கொண்டு வந்த அளவு அது, பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் கனசதுரம், அதுக்குப் பேரு 1யூ. மூணு அடுக்கினா 3யூ. நம்ம மலேசியாவோட முதல் மைக்ரோ சாட்டிலைட் தியோங்சாட்-1 2000 செப்டம்பர்ல பைக்கோனூர்லேர்ந்து போனப்ப ஏறக்குறைய 50 கிலோ. 2018 ஆகஸ்ட்ல அனைத்துலக விண்வெளி நிலையத்திலேர்ந்து வெளிய விட்ட யூஐடிஎம்சாட்-1 ஒரு 1யூ, உள்ளங்கையில வச்சுக்கலாம். அவ்ளோ சின்னதா ஆனதுக்கப்புறமும் உள்ள வயர் கட்டுற முறை மட்டும் பெரிய சாட்டிலைட்ல எப்படியோ ஏறக்குறைய அப்படியேதான் இருக்கு.

வயர்னா என்ன கஷ்டம்னு கேட்டா, பொதுவா எல்லாரும் எடைய சொல்வாங்க. பெரிய சாட்டிலைட்ல மொத்த எடையில 5லேர்ந்து 10 சதவீதம் வரைக்கும் ஹார்னஸ், அதாவது வயர்க் கட்டு மட்டுமே இருக்கும்னு சொல்றது உண்மைதான். ஆனா 1யூல எடை பெரிய பிரச்சனையே இல்ல, இடமும் கையும்தான் பிரச்சனை. போர்டு 90க்கு 96 மில்லிமீட்டர், பிசி/104ங்கிற போர்டு அளவுக் கணக்கு, 104 பின் இருக்கிற கனெக்டர்ல ஒண்ணுமேல ஒண்ணு அடுக்குறது. நடுவுல ஒரு போர்டுல ஒரு ரெசிஸ்டர மாத்தணும்னா மேல இருக்கிற எல்லாத்தையும் கழட்டணும், அந்த 104 பின்ன சாயாம நேரா இழுக்கிறது லேசு இல்ல, ஒரு பக்கம் தூக்கினா மறுபக்கம் பின் வளையும். அதுக்கு மேல பக்கவாட்டு பேனல்ல இருக்கிற சோலார் செல், சன் சென்சார், டெம்பரேச்சர் சென்சார் எல்லாத்துக்கும் தலைமுடி மாதிரி மெல்லிசா வயர் வரும். சாதாரண பிவிசி வயர் போட முடியாது, வெற்றிடத்துல அதுலேர்ந்து ஆவி கிளம்பி கேமரா கண்ணாடியில படியும், அதனால டெப்லான் வயர்தான். ராக்கெட் குலுக்கல்ல அசையக்கூடாதுன்னு ஒவ்வொரு கனெக்டருக்கும் எபாக்ஸி வைக்கணும், வெப்பம் தாங்குற கேப்டன் (Kapton) டேப் ஒட்டணும், கடைசியில பேனல மூடும்போது ஒரு வயர் சட்டத்துக்கு நடுவுல மாட்டிக்கிச்சான்னு டார்ச் அடிச்சு பாக்கணும். பிள்ளைங்க இதுலதான் ராத்திரி முழுக்க உக்காந்திருப்பாங்க.

இன்னொரு கஷ்டம் கண்ணுக்கு தெரியாது. நிறைய க்யூப்சாட்ல உள்பேச்சுக்கு ஐஸ்கொயர்சின்னு (I2C) ஒரு முறைய போடுறாங்க, எல்லா சிப்பும் அதே வயர்லதான் பேசும், ரெண்டே வயர், மலிவு. அதுல ஏதாவது ஒரு சிப் கோளாறாகி டேட்டா வயர கீழ இழுத்துப் புடிச்சிக்கிச்சுன்னா மொத்த சாட்டிலைட்டும் ஊமையாயிடும், ஒருத்தரும் யாரோடயும் பேச முடியாது. அது போக ஒவ்வொரு வயரும் ஒரு குட்டி ஆன்டெனா. 437 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ரொம்ப மெல்லிசான சத்தத்த கேக்கணும்னு ரிசீவர் காத்துக்கிட்டிருக்கும், பக்கத்திலேயே கிளாக் வயர் இரைச்சல அடிச்சுக்கிட்டு ஓடும். வெளிச்சத்துக்கு அந்த தொல்லை கிடையாது, ரேடியோவ அது தொடாது, ரெண்டு போர்டுக்கு நடுவுல சிக்னலுக்காக செம்பு தொடர்பே வேணாம்ங்கிறதால கிரவுண்ட் லூப் தகராறும் குறையும்.

சரி, வயர்லெஸ்னா புளூடூத் போட வேண்டியதுதானேன்னு எங்க குரூப்ல புதுசா வந்த ஒரு தங்கச்சி கேட்டுச்சு. நல்ல கேள்வி. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், நம்ம பெட்டியே 10 சென்டிமீட்டர்தான். அலுமினியத்துல மூடின 10 சென்டிமீட்டர் கனசதுரத்த கணக்கு போட்டு பாத்தா அதோட முதல் ஒத்திசைவு (ரெசனன்ஸ்) ஏறக்குறைய 2.1 கிகாஹெர்ட்ஸ்ல வருது, அதுக்கு கொஞ்சம் மேலதான் புளூடூத் நிக்குது. அதனால உள்ள சில இடத்துல சிக்னல் பலமா இருக்கும், சில இடத்துல செத்துக் கிடக்கும், ஒரு போர்ட ரெண்டு மில்லிமீட்டர் நகத்தினா கதையே மாறிடும். ரேடியோவுல முடியவே முடியாதுன்னு சொல்லல, நெதர்லாந்து டெல்ப்ட் பல்கலைக்கழகத்தோட டெல்பி-சி3 2008 ஏப்ரல்ல ஸ்ரீஹரிகோட்டாவுலேர்ந்து பிஎஸ்எல்வி-சி9ல போச்சு, அதுல வயரே இல்லாம ரேடியோவுல பேசுற சன் சென்சார் இருந்துச்சு. ஆனா வெளிச்சத்துக்கு அலைநீளம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் கம்மி, இந்த ஒத்திசைவு சங்கடமெல்லாம் அதுக்கு வராது.

இது புது யோசனையும் இல்ல. 1979-லயே சூரிக்ல ஐபிஎம் ஆய்வகத்துல கெபெல்லரும் பாப்ஸ்டும் ஒரு அறைக்குள்ள அகச்சிவப்பு வெளிச்சத்த சுவர்ல, கூரையில பட்டு சிதறவிட்டு அதுல டேட்டா அனுப்பலாம்னு காட்டிட்டாங்க. 2011-ல எடின்பரோ பல்கலைக்கழகத்து ஹரால்ட் ஹாஸ் வெளிச்சத்துல ஓடுற வைஃபை மாதிரி இதுக்கு லைஃபைன்னு பேரு வச்சு ஊரெல்லாம் பேச வச்சாரு, 2023-ல அதுக்குன்னு 802.11பிபி ஸ்டாண்டர்டே வந்துருச்சு. ஆனா சாட்டிலைட்டுக்குள்ள கொண்டு போனதுல ஸ்பெயின்காரங்களத்தான் நான் முதல்ல சொல்வேன். அவங்க நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனம் இன்டா, ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தோட சேர்ந்து ஆவுல்ஸ்னு ஒரு திட்டம் நடத்தி, 2004 டிசம்பர்ல நானோசாட்-01ல வெளிச்சத் தொடர்ப மேல அனுப்பி சோதிச்சாங்க, அது 20 கிலோவுக்கும் குறைவான சாட்டிலைட். அப்புறம் 2013 நவம்பர்ல ஆப்டோஸ்னு ஒரு 3யூ க்யூப்சாட், அதுல போர்டுங்க, எல்லாரும் ஒரே பாதையில பேசுற கேன் பஸ்ங்கிற முறைய வெளிச்சத்துலயே பேசிக்கிச்சு. அதாவது ஒருத்தரு ஏற்கனவே செஞ்சு காட்டியாச்சு. ஆனாலும் இன்னைக்கு வரைக்கும் பரவலா யாரும் போடல, அதுதான் எனக்கு மனசு கேக்கல.

ஏன் போடலன்னா, லைஃபைன்னு சொல்ல ஆரம்பிச்சதுலேர்ந்து எல்லாரும் வேகத்துக்குப் பின்னால போயிட்டாங்கன்னு நான் நினைக்கிறேன். நூறு எம்பிபிஎஸ் (செகண்டுக்கு பத்து கோடி பிட்), ஒரு ஜிபிபிஎஸ் (நூறு கோடி பிட்). குட்டி சாட்டிலைட்டுக்கு அது தேவையே இல்ல. கணக்கு பாருங்க. நிறைய மாணவர் சாட்டிலைட் பூமிக்கு அனுப்புறது 9600 பிட்தான் ஒரு செகண்டுக்கு. தலைக்கு மேல பத்து நிமிஷம் கடந்து போச்சுன்னா மொத்தம் இறக்கக்கூடியது 57 லட்சத்து 60 ஆயிரம் பிட். 640க்கு 480 படம் ஒண்ண சுருக்காம பிக்சலுக்கு ரெண்டு பைட்னு வச்சா கிட்டத்தட்ட 49 லட்சம் பிட், ஒரு படத்துக்கே அந்த பத்து நிமிஷம் கிட்டத்தட்ட முடிஞ்சிடும். கீழ போற குழாயே அவ்ளோ ஒடுக்கமா இருக்கும்போது உள்ள 125 கேபிபிஎஸ் (செகண்டுக்கு 1.25 லட்சம் பிட்) ஓடினாலே அது பதிமூணு மடங்கு. டெம்பரேச்சர், வோல்டேஜ், கரண்ட் எல்லாம் செகண்டுக்கு சில பைட். அதனால எங்க குரூப்ல முதல் நாளே ஒரு முடிவு, வேகத்த பத்தி பேசக் கூடாது, வயர் இல்லாம நம்பகமா ஓடுதான்னு மட்டும் பாக்கணும்.

அந்த முடிவு எடுத்ததும் எல்லாமே சுலபமாயிடுச்சு. வெளிச்சம் ஒரு நானோசெகண்டுல 30 சென்டிமீட்டர் போகும். பெட்டிக்குள்ள பத்து தடவ மோதித் தெறிச்சு வந்தாலும் மூணு, நாலு நானோசெகண்டு தாமதம், அவ்ளோதான். 125 கேபிபிஎஸ்ல ஒரு பிட் 8 மைக்ரோசெகண்டு, இந்த தாமதம் அதுக்குள்ள காணாமலே போயிடும். எதிரொலி ஒண்ணுமேல ஒண்ணு ஏறி பிட்ட கலைக்கிறது நூறு எம்பிபிஎஸ் கேக்கிறவங்க கவலை, ஒரு பிட் 10 நானோசெகண்டு ஆனதும் அவங்களுக்கு தலவலி ஆரம்பிக்கும். நமக்கு அந்த எதிரொலி எல்லாம் உதவிதான், எந்தப் பக்கம் திரும்பி உக்காந்தாலும் கொஞ்சம் வெளிச்சம் வந்து சேரும்.

வந்து சேருமான்னுதான் முதல்ல சோதிச்சோம். பெட்டி உள்பக்கம் 100 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, போர்டு 90க்கு 96. அப்ப போர்டு ஓரத்துக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு சின்ன சந்துதான் இருக்கு, ஒவ்வொரு போர்டும் ஒரு மூடி மாதிரி அடச்சுக்கிட்டு நிக்குது. எல்இடிய போர்டு நடுவுல வச்சா அந்த அடுக்குலயே வெளிச்சம் சுத்தி சுத்தி செத்துப் போகும். ஓரத்துல, சுவர பாத்த மாதிரி வச்சா சந்து வழியா மேலயும் கீழயும் ஏறி இறங்குது. பிறை அண்ணன் சொன்ன யோசனை இன்னும் நல்லா இருந்துச்சு, எல்லா போர்டுலயும் ஒரே மூலையில அரை வட்டமா வெட்டிடுங்க, அடுக்கினதும் அதுவே ஒரு கிணறு மாதிரி மேலேர்ந்து கீழ வரைக்கும் வரும்னாரு. அப்படித்தான் இப்ப வச்சிருக்கோம். வெட்ட இடமில்லாத போர்டுல இன்னொரு வழி இருக்கு, போர்டு செய்யுற எஃப்ஆர்4 பொருள்ல செம்பு இல்லாத இடம் 850 நானோமீட்டர் வெளிச்சத்த கொஞ்சம் ஊடுருவ விடும், கண்ணாடி இழையும் எபாக்ஸியும்தானே அது. அந்த இடத்துல மட்டும் கிரவுண்ட் பிளேன, அதாவது போர்டு முழுக்க பரவியிருக்கிற செம்புத் தகட்ட எடுத்துட்டா ஒரு மங்கலான ஜன்னல் கிடைச்ச மாதிரி.

சுவர் விஷயத்துல ஒரு நல்ல செய்தி. உள்ள கருப்பு அனோடைஸ் (அலுமினியத்து மேல சாயம் ஏத்துற பூச்சு) பண்ணினா வெளிச்சத்த எல்லாம் குடிச்சிடும்னு பிள்ளைங்க பயந்தாங்க. கண்ணுக்கு கருப்பா தெரியுற அனோடைஸ் சாயம் பெரும்பாலும் அகச்சிவப்ப அவ்ளோ உறிஞ்சாது, 850ல அது நல்லாவே தெறிக்க விடும். நம்ப மாட்டேன்னு சொன்ன தம்பிகிட்ட போன் முன் கேமராவ கொடுத்து பாக்க சொன்னோம், சில போன்ல அகச்சிவப்பு தெரியும், கருப்பு துண்டு சாம்பலா பளபளன்னு தெரிஞ்சுது. கேப்டன் டேப்பும் அப்படித்தான், கண்ணுக்கு மஞ்சள் காவி, அகச்சிவப்புக்கு கண்ணாடி. ஆனா கருப்பு பெயின்ட் அப்படி இல்ல, கார்பன் கலந்த பெயின்ட்னா நிஜமாவே குடிச்சிடும். வெப்பம் பாக்கிறவங்க எந்த சுவருக்கு எந்த பூச்சுன்னு முடிவெடுக்கும்போது நம்மாளும் அந்த மேசையில உக்காரணும்.

இப்ப பேச்சு முறைக்கு வர்றேன், எனக்கு இதுலதான் ஆசை அதிகம். பாஷ் கம்பெனி 1986-ல காருக்காக வெளியிட்ட கேன் பஸ்ஸ நினைச்சு பாருங்க. அதுல ரெண்டு நிலை, ஒண்ணு ஆதிக்கம், ஒண்ணு அடக்கம். யாராவது ஒருத்தர் ஆதிக்க நிலைய போட்டா மத்தவங்க என்ன போட்டாலும் பஸ்ல ஆதிக்கம்தான் தெரியும். வெளிச்சத்துக்கு இது அளவெடுத்து தச்ச மாதிரி பொருந்துது. எல்இடி எரிஞ்சா ஆதிக்கம், இருட்டுன்னா அடக்கம். பெட்டிக்குள்ள யாரு ஒருத்தர் எரிய விட்டாலும் எல்லாருக்கும் வெளிச்சம், எல்லாரும் அணைச்சாத்தான் இருட்டு. ரெண்டு போர்டு ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சா, இருட்ட அனுப்பினவரு வெளிச்சத்த பாத்ததும் ஒதுங்கிக்குவாரு, முக்கியமான செய்தி ஒரு பிட் கூட கெடாம போகும். யாரும் பேசாதப்ப பெட்டி இருட்டு, மின்சாரமும் செலவில்ல. 1யூவுக்கு சூரியன்லேர்ந்து சராசரியா கிடைக்கிறதே ரெண்டு வாட் பக்கம்தான், 100 மில்லியாம்ப்ல எரியுற எல்இடி எரியும்போது 140, 150 மில்லிவாட் எடுக்கும், அது பேசுற நேரத்துக்கு மட்டும்தான்னா தாங்கும்.

கஷ்டம் எங்கன்னா, கேன்ல ஒவ்வொருத்தரும் தான் பேசுறத தானே கேட்டுக்கிட்டும் இருக்கணும். என் எல்இடி என் போட்டோடயோடுக்கு சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கு, அது எரிஞ்சா ரிசீவர் நிரம்பி வழியுது. அடுத்த பிட்டுக்கு நான் அணைச்ச உடனே, கடைசி போர்டுலேர்ந்து நாலு மோதல் தாண்டி வர்ற மெல்லிய வெளிச்சத்த நான் பாக்கணும். தைப்பூசத்தப்ப தண்ணீர்மலை ரோட்ல உறுமி மேளத்துக்கு பக்கத்துல நின்னு போன்ல பேசியிருப்பீங்க, மேளம் நின்ன அந்த நொடியில மறுமுனை குரல் காதுல ஏறாது, காது திரும்ப கொஞ்ச நேரம் ஆகும். ரிசீவர் ஆம்ப்ளிபயருக்கும் அதே நிலைமை. அது தெளிஞ்சு வர நேரம் கொடுக்கணும், அதனாலயும்தான் 1 எம்பிபிஎஸ் வேணாம், 125 போதும்னு நிக்கிறோம். ஆம்ப்ளிபயர்ல டயோட போட்டு ஒரு அளவுக்கு மேல ஏறாம கட்டி வச்சோம், அப்புறம் எல்இடிக்கும் போட்டோடயோடுக்கும் நடுவுல ஒரு சின்ன தடுப்பு நிறுத்தினோம். ரெண்டும் சேர்ந்ததும் அலைக்காட்டியில (ஆசிலாஸ்கோப்) கோடு சுத்தமா வந்துச்சு, அந்த சாயங்காலம் ஒருத்தரும் வீட்டுக்கு கிளம்பல.

ஐஸ்கொயர்சி பத்தி சொன்ன ஊமைப் பிரச்சனை இங்கயும் வரும், ஒரு எல்இடி அணையாம மாட்டிக்கிச்சுன்னா எல்லாருக்கும் கண்ணு கூசி பஸ் செத்துப் போகும். அதுக்கு சாப்ட்வேர நம்ப வேணாம். எல்இடி டிரைவர்லயே டைமர் வச்சு, இவ்ளோ நேரத்துக்கு மேல தொடர்ந்து எரிஞ்சா தானா அணையுற மாதிரி செஞ்சுட்டோம். வயர் கேன் சிப்புங்கள்லயும் இதே பாதுகாப்பு இருக்கு, நாங்க அத வெளிச்சத்துக்கு கொண்டு வந்தோம், அவ்ளோதான்.

அப்புறம் சூரியன். விண்வெளியில சூரிய ஒளி சதுர மீட்டருக்கு 1361 வாட். பிபிடபிள்யூ34 மாதிரி 7.5 சதுர மில்லிமீட்டர் போட்டோடயோடு மேல நேரா பட்டா 10 மில்லிவாட், அதுலேர்ந்து சில மில்லியாம்ப் கரண்ட் வரும். நம்ம சிக்னலோ மைக்ரோஆம்ப் கணக்கு. பெட்டி மூடியிருக்கேன்னு இருக்க முடியாது, ஆன்டெனா வெளிய வர்ற ஓட்டை, சார்ஜ் போர்ட், பேனல் சந்துன்னு வழி நிறைய. சாட்டிலைட் சுத்தும்போது அந்த ஓட்டை வழியா ஒரு ஒளிக்கீத்து உள்ள துழாவிக்கிட்டு போகும். நல்லவேளையா சூரியன் மெதுவா மாறுது, நம்ம பிட் வேகமா மாறுது, அதனால மெதுவா வர்ற கரண்ட ஒரு சர்க்யூட் தனியா உறிஞ்சிட்டு வேகமானத மட்டும் விடலாம். பகல் வெளிச்சத்த தடுக்கிற கருப்பு பிளாஸ்டிக் மூடின போட்டோடயோடு கடையிலயே கிடைக்கும், அதையும் போட்டோம். பிறையில மெஷின் ஷாப் முன்னால அஞ்சடி நடைபாதைய தாண்டி உச்சி வெயில்ல பெட்டிய வச்சு, வேணும்னே ஒரு ஓட்டை போட்டு, சுழல் மேடையில சுத்த விட்டோம். கீத்து போட்டோடயோடு மேல ஏறி இறங்கும்போது பஸ் நிக்கல. மேல வெயில் இன்னும் பலம்தான், அத லேம்ப் வச்சுத்தான் பாக்கணும்.

இப்ப நான் ரொம்ப நேரமா சொல்லத் துடிச்ச விஷயம், கதிர்வீச்சு. மேல புரோட்டான் வந்து எல்இடி படிகத்துல அணுவ இடம் மாத்தி தள்ளிடும், அப்படி சேதமான இடத்துல எலக்ட்ரான் வெளிச்சம் கொடுக்காமலே அடங்கிடும், நாளாக ஆக எல்இடி மங்கும். 1992-ல போன டோபெக்ஸ்/பொசைடன் சாட்டிலைட்ல எல்இடி உள்ள வச்ச ஆப்டோகப்ளர் சிப்புங்க இதனாலதான் கெட்டுச்சு. எல்லா எல்இடியும் ஒரே மாதிரி மங்காது. சிலிக்கான் கலந்து வளத்த பழைய 940 நானோமீட்டர் காலியம் ஆர்சனைடு வகைல எலக்ட்ரான் ரொம்ப நேரம் உயிரோட சுத்தும், அதனால பளிச்சுன்னு எரியும், ஆனா மெதுவா அணையும், புரோட்டான் போட்ட குழியில விழறதுக்கும் அதுக்கு நிறைய நேரம் கிடைக்கும். வேற வேற பொருள அடுக்கி செஞ்ச ரெட்டை ஹெட்டிரோஜங்ஷன் வகை 850 எல்இடில எலக்ட்ரான் சட்டுன்னு வேலைய முடிச்சிடும், அதனால வேகமும் அதிகம், கதிர்வீச்ச தாங்குறதும் அதிகம். டேட்டாஷீட்ல ரைஸ் டைம் (எரிய எடுத்துக்கிற நேரம்) பாத்தே எது மேல தாக்குப்பிடிக்கும்னு ஓரளவு கணிச்சிடலாம். வாங்குற பக்கத்துலயும் போட்டோடிரான்சிஸ்டர் வேணாம், அதோட பெருக்கம் கதிர்வீச்சுல விழும், வெறும் போட்டோடயோடுதான் நல்லது. புரோட்டான் நேரா போட்டோடயோடுல பாஞ்சா ஒரு பொய் துடிப்பு வரும், வெளிச்சம் வந்த மாதிரி தெரியும், அத கேன்ல இருக்கிற சிஆர்சிங்கிற பிழை சோதனை பிடிச்சு திரும்ப அனுப்ப சொல்லிடும்.

இங்கதான் பினாங்க பத்தி சொல்லணும். 1972-ல பாயான் லெப்பாஸ் தொழில்பேட்டை ஆரம்பிச்ச காலத்திலேர்ந்து இந்த ஊர்ல எல்இடி, ஆப்டோ பொருள் செய்யுற கைங்க இருக்கு. எங்க அம்மா வயசு அக்காமாருங்க மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு தங்கக் கம்பி ஒட்டினவங்க. டை, அதாவது எல்இடியோட சில்லு, ஒட்டினது வெப்பத்துல கழண்டுக்குமா, எபாக்ஸி லென்ஸ் மஞ்சளாகுமா, குளிரும் சூடும் மாறி மாறி பட்டா தங்கக் கம்பி அறுந்து போகுமா, இதையெல்லாம் தினமும் பாக்கிறவங்க நம்ம பக்கத்து வீட்லயே இருக்காங்க. வெற்றிடத்துல சுத்தி சுத்தி 90 நிமிஷத்துக்கு ஒரு தடவ வெயிலுக்கும் இருட்டுக்கும் போற எல்இடிக்கு தேவையான அறிவு முக்கால்வாசி இதுதான். ராக்கெட் நம்மகிட்ட இல்ல, பெரிய ஆன்டெனா இல்ல, ஆனா இந்த ஒரு பாகத்த உலகத்துக்கு நல்லா செஞ்சு கொடுக்க நம்மளால முடியும்னு நான் முழுசா நம்புறேன், பிள்ளைங்ககிட்டயும் அதத்தான் சொல்றேன்.

எல்லா வயரும் போயிடும்னு யாரும் நினைச்சுக்க வேணாம். மின்சாரம் செம்புலதான் போகணும், வெளிச்சத்துல பேட்டரி பவர அனுப்ப முடியாது. ராக்கெட்டுக்குள்ள இருக்கும்போது எல்லாத்தையும் அணைச்சு வைக்கிற சுவிட்ச், கிளம்புறதுக்கு முன்னால உருவுற பின், கம்ப்யூட்டர் தொங்கினா அத ரீசெட் பண்ற கோடு, இந்த மூணும் வயர்லயே இருக்கணும்னு நான் பிடிவாதமா இருக்கேன். ரீசெட்ட கூட வெளிச்சத்துல பண்ணலாம்னு தம்பிங்க வாதாடுறாங்க, பஸ்ஸே செத்தா எத வச்சு ரீசெட் பண்ணுவீங்கன்னு நான் கேட்டுக்கிட்டிருக்கேன், அந்த வாக்குவாதம் இன்னும் முடியல. 104 பின் கனெக்டர் போய், பவருக்கு மட்டும் தடிமனா நாலஞ்சு பின். அப்படி வச்சதுக்கப்புறம் நடுப் போர்ட வெளிய எடுத்து மாத்தி திரும்ப போடுறது எவ்ளோ லேசா இருக்குன்னு செஞ்சு பாத்தவங்களுக்குத்தான் தெரியும். சன் சென்சார் பேனலுக்கு பவர் வயர் கூட வேணாம்னு ஒரு யோசனை ஓடுது, அதுலயே குட்டி சோலார் செல் இருந்தா வெயில் படும்போது தானா எரிஞ்சு தானா பேசும், வெயில் இல்லன்னா சன் சென்சாருக்கு சொல்றதுக்கு ஒண்ணும் இல்லையே.

அடுத்த வேலை சூடு, குளிர். ஓவன்ல 60 டிகிரிக்கு ஏத்தி எல்இடி எவ்ளோ மங்குதுன்னும், ப்ரீசர்ல இறக்கி அதிகமா எரியும்போது பக்கத்து ரிசீவர் தாங்குதான்னும் பாக்கணும். கதிர்வீச்சுல பாதி வெளிச்சம் போயிட்ட எல்இடிக்கு பதிலா இப்போதைக்கு கரண்ட பாதியா குறைச்சு, ரொம்ப தூரத்துல இருக்கிற ரெண்டு போர்டுக்கு நடுவுல, சூடான நிலையில, ஓட்டை வழியா வெயிலும் விழும்போது பேச்சு நிக்காம ஓடணும். அந்த நாலும் ஒரே நேரத்துல சேர்ந்து வர்ற டெஸ்ட்டத்தான் நாங்க பாஸ்னு ஒத்துக்கப் போறோம். அதுக்கான லேம்ப் ஸ்டாண்ட அண்ணன் இப்ப கடைஞ்சுக்கிட்டிருக்காரு, முடிஞ்சதும் அலைக்காட்டி படத்தோட எழுதுறேன்.